சத்தான சாப்பாடு: கணக்குல வராத தடைகள்

போன செப்டம்பர்ல நம்ம காலேஜ்ல நடந்த ரத்ததான முகாம் ஞாபகம் இருக்கா? நானும் என் ரூம்ல இருக்குற மூணு பேரும் முதல் ஆளா போய் வரிசையில நின்னோம். விரல் நுனியில குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துட்டு, "10.6தான் இருக்கு. நீ குடுக்க வேண்டாம்மா, உனக்கே தேவைப்படும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. ரத்தம் குடுக்கணும்னா ஹீமோகுளோபின் குறைஞ்சது 12.5 இருக்கணும். எங்க நாலு பேர்ல மூணு பேரைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

இதுல விஷயம் என்னன்னா, நாங்க யாரும் பட்டினி கிடக்கலை. டயட்டும் இருக்கலை. மூணு வேளையும் வயிறு நிறையத்தான் சாப்பிட்டோம். வயிறு நிறையுறது வேற, சத்து சேர்றது வேறன்னு அந்த ஒரு சொட்டு ரத்தம் காட்டிக் குடுத்துச்சு.

எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை இது. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது உங்க கிளாஸ்ல இருக்குற பெண்கள்ல பாதிப் பேருக்கு இருக்கலாம். பசங்களும் "நமக்கென்ன"ன்னு பக்கத்தைத் தள்ளிடாதீங்க. கீழே வர்ற கணக்கு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இதை வெளியே சொன்னதும் ஆளாளுக்கு அறிவுரை. "பேரீச்சம்பழம் சாப்பிடு", "மாதுளை ஜூஸ் குடி", "பாதாமை ஊறவச்சுச் சாப்பிடு". ரீல்ஸ்ல பார்த்தா அவகாடோ, ஓட்ஸ், கீன்வா. சங்கரன்கோவில்ல மாடி ரூம் எடுத்துத் தங்கி, வீட்டுல இருந்து வர்ற பணத்துல ரூம் வாடகை, பஸ், ஜெராக்ஸ் எல்லாம் போக ஒரு நாள் சாப்பாட்டுக்கு 100 ரூபாய் வச்சிருக்குற ஆளுக்கு இதுல எது ஆகும்? சரி, இஞ்சினியரிங்தானே படிக்கிறோம், கணக்குப் போட்டே பார்த்துடுவோம்னு உட்கார்ந்தோம். அந்தக் கணக்கும், அது எங்க சொதப்புச்சு, எப்படிச் சரி பண்ணோம்ங்கிறதும்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல, எவ்வளவு வேணும்?

ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து இதுக்கு அளவு சொல்லியிருக்காங்க. புரதம், உடல் எடையில ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 45.7 கிராம், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம். இரும்புச்சத்து ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம். பெண்களுக்கு ஏன் பத்து அதிகம்ங்கிறதுக்குக் காரணம் மாசா மாசம் நமக்கே தெரியும்.

அதே நிறுவனம் 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்ல, 2000 கலோரிக்கான ஒரு நாள் தட்டு எப்படி இருக்கணும்னும் இருக்கு. தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை வகை 35 கிராம், எண்ணெய் 27 கிராம்.

நம்ம தட்டைக் கொஞ்சம் இதோட வச்சுப் பாருங்க. தானியம் 250ஐத் தாண்டி எங்கேயோ போகும். இட்லி, சோறு, பரோட்டா எல்லாமே அந்தக் கணக்குதான். சாம்பார்ல மிதக்குற பருப்பு 85 கிராம் வருமா? காய் 400 கிராம்? எங்க ரூம்ல ஒரு ஆளுக்கு 100 கிராம்கூட வரலை.

அடுத்து, ஒரு ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

விலையைப் பார்த்து வாங்காம, ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம்னு வகுத்துப் பார்த்தோம். கீழே இருக்குறது எங்க தெரு அண்ணாச்சி கடையில நாங்க வாங்குன விலை. உங்க ஊர்ல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்.

- பால், அரை லிட்டர் 25 ரூபாய், புரதம் சுமார் 16 கிராம்: ரூபாய்க்கு 0.6 கிராம்
- முட்டை ஒண்ணு 7 ரூபாய், சுமார் 6 கிராம்: ரூபாய்க்கு 0.9 கிராம்
- துவரம்பருப்பு 100 கிராம் 15 ரூபாய், சுமார் 22 கிராம்: ரூபாய்க்கு 1.5 கிராம்
- பொரிகடலை 100 கிராம் 12 ரூபாய், சுமார் 20 கிராம்: ரூபாய்க்கு 1.7 கிராம்
- நிலக்கடலை 100 கிராம் 14 ரூபாய், சுமார் 25 கிராம்: ரூபாய்க்கு 1.8 கிராம்
- மீல் மேக்கர் 100 கிராம் 16 ரூபாய், சுமார் 50 கிராம்: ரூபாய்க்கு 3.1 கிராம்
- ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்: ரூபாய்க்கு 7 கிராமுக்கு மேல

ரேஷன் பருப்பை எதுவும் அடிச்சுக்க முடியாது. ஆனா கார்டு ஊர்ல இருக்கு, மாசத்துக்கு ஒரு கிலோதான், அதையும் எடுத்துக்கிட்டு வந்துட்டா அம்மா எதை வச்சு சாம்பார் வைப்பாங்க? அதனால அதைக் கணக்குல சேர்க்கலை.

இந்தப் பட்டியல்ல இன்னொண்ணையும் மனசுல வச்சுக்கணும். முட்டை, பால் புரதம் அப்படியே முழுசா உடம்புக்குப் பயன்படும். பருப்புல ஒரு அமினோ அமிலம் குறையும், அரிசியில வேறொண்ணு குறையும். ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டா ஒண்ணுல இல்லாததை இன்னொண்ணு ஈடு கட்டிடும். அதுக்கு அரிசி 3 பங்கு, பருப்பு 1 பங்கு சரியா இருக்கும்னு அந்த வழிகாட்டுதல் சொல்லுது.

ஆக, காகிதத்துல பார்த்தா 100 ரூபாய் தாராளமா போதும். பிறகு ஏன் முடியலை?

80 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் போட்ட கணக்கு

லீனியர் புரோகிராமிங் படிக்கிறப்போ சிம்ப்ளெக்ஸ் டேபிள் போட்டு மார்க் வாங்கியிருப்பீங்க. அந்த முறையைப் பெரிய அளவுல சோதிச்சுப் பார்க்க எடுத்துக்கிட்ட கணக்குகள்ல ஒண்ணு, நம்ம கணக்கேதான்.

1945ல ஜார்ஜ் ஸ்டிக்லர்ங்கிற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு ஆணுக்குத் தேவையான சத்தெல்லாம் கிடைக்கணும், செலவு மிகக் குறைவா இருக்கணும், எதைச் சாப்பிடணும்? 77 உணவுப் பொருள், 9 சத்து. அப்போ சிம்ப்ளெக்ஸ் முறை கிடையாது. அவர் ஊகிச்சு, தட்டிக் கொட்டி ஒரு விடை சொன்னார். கோதுமை மாவு, டப்பாப் பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, காய்ஞ்ச பீன்ஸ். 1939 விலையில வருஷத்துக்கு 39.93 டாலர். 1947ல ஜாக் லேடர்மேன் தலைமையில ஒன்பது பேர் கை கால்குலேட்டரை வச்சுக்கிட்டு, புதுசா வந்த சிம்ப்ளெக்ஸ் முறையில இதையே போட்டாங்க. ஒரே ஆள் செஞ்சா 120 நாள் ஆகுற வேலை. வந்த விடை 39.69 டாலர். ஸ்டிக்லர் ஊகத்துக்கும் அதுக்கும் 24 சென்ட்தான் வித்தியாசம். பின்னாடி 1982ல அவருக்குப் பொருளாதார நோபல் கிடைச்சது, வேற ஆராய்ச்சிக்காக.

இதைவிட சுவாரசியம், சிம்ப்ளெக்ஸைக் கண்டுபிடிச்ச ஜார்ஜ் டான்சிக் கதை. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதும், தனக்கான டயட்டைக் கம்ப்யூட்டர்கிட்டயே கேட்டார். நிறைய சாப்பிட்ட மாதிரி இருக்கணும், கலோரி குறைவா இருக்கணும். கம்ப்யூட்டர் சொன்ன பட்டியல்ல 500 காலன் வினிகர் இருந்துச்சு. கிட்டத்தட்ட 1,900 லிட்டர்! வினிகரைத் தூக்கிட்டு மறுபடி போட்டார். இந்தத் தடவை ஒரு நாளைக்கு 200 சூப் கட்டி சாப்பிடச் சொல்லுச்சு.

கம்ப்யூட்டர் தப்புப் பண்ணலை. "மனுஷனால இவ்வளவுதான் வினிகர் குடிக்க முடியும்"ங்கிற கன்ஸ்ட்ரெயின்டை யாரும் அதுக்குச் சொல்லலை. ஸ்டிக்லரும் தன் பட்டியலை யாரும் அப்படியே சாப்பிடணும்னு சொல்லலை.

எங்க 100 ரூபாய்க் கணக்கும் அங்கதான் சறுக்குச்சு. விலையையும் சத்தையும் எழுதுனோம். நாங்க எங்க இருக்கோம், எப்போ சாப்பிடுறோம், எதுல சமைக்கிறோம்ங்கிறதை எழுதலை. தினமும் எரிச்சல் படுத்துற சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கே, அதெல்லாம்தான் விட்டுப்போன கன்ஸ்ட்ரெயின்ட். எங்களோடது இந்த அஞ்சு.

ஒண்ணு: 7.10 பஸ்

கழுகுமலை ரோட்டு முக்குல 7.10க்கு காலேஜ் பஸ். உழவர் சந்தையில காய் நல்லா கிடைக்கிறதும் அதே நேரம்தான். ராத்திரி திரும்பி வர்றப்போ திறந்திருக்குறது பரோட்டா கடை. ஆக வாரத்துல ஆறு நாள் நமக்கும் காய்கறிக்கும் சந்திப்பே இல்லை.

ரெண்டு: ஒரு கட்டு, ஒரு கிலோ

சந்தையில கூறு போட்டு வச்சிருக்குற ஆச்சிகிட்ட கத்திரிக்கா கால் கிலோ கேட்டா, "ஒரு கூறா எடுத்துக்கோ தாயி, விலை குறைச்சுத் தாரேன்"ம்பாங்க. நல்ல மனசுதான், கொசுறா கருவேப்பிலை, மல்லித்தழை எல்லாம் வேற. ஆனா ஒரு கூறை ஒரு ஆள் எப்போ தின்னு முடிக்க? விலை குறைவா வாங்கணும்னா நிறைய வாங்கணும். நிறைய வாங்குனா அழுகும். அழுகுனதோட விலையையும் சேர்த்தா எதுவுமே குறைவு இல்லை.

மூணு: பிரிட்ஜ் இல்லை

நம்ம ஊர் வெயில்ல கீரை சாயங்காலத்துக்குள்ள துவண்டுடும். பால் திரிஞ்சுடும். மீந்த சோத்தை வெளியில வச்சு மறுநாள் சாப்பிட்டு வயித்தைக் கெடுத்துக்கிட்டதும் உண்டு. சோத்தை ஆறினதும் தண்ணி ஊத்தி வச்சாதான் அது பழைய சோறு. சும்மா மூடி வச்சா அது வேற சமாச்சாரம், சூடு பண்ணினாலும் சரியாகாத நஞ்சு அதுல உருவாகலாம்.

நாலு: வீட்டுக்காரம்மா

"கேஸ் வைக்கக் கூடாது. முட்டை வாசமே மாடியில வரக் கூடாது. கரண்ட் யூனிட்டுக்கு 8 ரூபாய்." ரூம் பார்க்கப் போன எல்லாருக்கும் இந்த வசனம் மனப்பாடமா இருக்கும்.

அஞ்சு: டீ

இது எரிச்சல்னே எங்களுக்குத் தெரியாது. மத்தியானம் சாப்பிட்டு முடிச்ச கையோட கேன்டீன்ல ஒரு டீ. காலையில பன்னோட ஒரு டீ. கீரை, பருப்பு, தானியத்துல இருக்குற இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுறதே குறைச்சல். டீ, காபியில இருக்குற டானின் அதையும் பிடிச்சு வச்சுக்கும். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம்னு அந்த 2024 வழிகாட்டுதல்லயே இருக்கு. நாங்க கீரை சாப்பிட்ட நாலு நாள்லயும் மேலேயே டீயை ஊத்திக் கழுவி விட்டிருக்கோம்.

எதை முதல்ல தளர்த்தணும்?

லீனியர் புரோகிராமிங்ல நிழல் விலைன்னு ஒண்ணு வரும், ஞாபகம் இருக்கா? ஒரு கன்ஸ்ட்ரெயின்டை ஒரு படி தளர்த்துனா விடை எவ்வளவு நல்லா மாறும்ங்கிற அளவு. எல்லாத் தடையையும் ஒரே நாள்ல உடைக்க நினைச்சா ஒரு வாரத்துல பழையபடி பரோட்டாதான். செலவு குறைவா, பலன் அதிகமா இருக்குற தடையை முதல்ல எடுக்கணும்.

எங்களுக்கு முதல்ல வந்தது டீ. செலவு பூஜ்யம். டீயை விடலை, மூணரை மணி இடைவேளைக்குத் தள்ளி வச்சோம், அவ்வளவுதான். அந்த இடத்துல எலுமிச்சை வந்துச்சு. வைட்டமின் சி இருந்தா இரும்புச்சத்து கூடுதலா உள்ள போகும். எலுமிச்சைச் சந்தைக்குப் பேர் போன புளியங்குடி நமக்குப் பக்கத்து ஊர். சுண்டல்லயோ கீரையிலயோ அரை மூடி பிழிஞ்சா போதும். அடுப்புல இருந்து இறக்கின பிறகு பிழியணும், கொதிக்கிறப்போ பிழிஞ்சா வைட்டமின் வீணாகும். கோடையில எலுமிச்சை விலை ஏறினா ஒரு கொய்யாப்பழம் அதே வேலையைச் செய்யும்.

ரெண்டாவது, ரைஸ் குக்கர். 1,800 ரூபாய், நாலு பேருக்கு ஆளுக்கு 450. கேஸ் வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க! 700 வாட் குக்கர் 40 நிமிஷம் ஓடினா கிட்டத்தட்ட அரை யூனிட், அதாவது 4 ரூபாய். இதுல நாங்க வைக்கிறது நம்ம ஊர் உளுந்தம்பருப்புச் சோறு. நாலு பேருக்கு அரிசி 375 கிராம், தொலி உளுந்து 125 கிராம், அரை மூடித் தேங்காய்த் துருவல், பத்துப் பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், வெந்தயம், உப்பு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு ஸ்விட்சைத் தட்டுனா முடிஞ்சது. மூணுக்கு ஒண்ணு விகிதத்தை நம்ம ஆச்சிமார் வழிகாட்டுதல் வர்றதுக்கு முன்னாடியே பானையில போட்டு வச்சிருக்காங்க. கரண்ட்டோட சேர்த்து ஆளுக்கு 16 ரூபாய், புரதம் 14 கிராம். முன்னாடி ராத்திரிக்கு ஆளுக்கு 40 ரூபாய் ஆச்சு. மிச்சம் 24 ரூபாய். குக்கருக்குப் போட்ட 450ம் 19 ராத்திரியில திரும்பி வந்துடுச்சு. தொட்டுக்க ஊர்ல இருந்து எள்ளுப்பொடி. வாரக்கணக்குல கெடாது, பிரிட்ஜும் வேண்டாம்.

மூணாவது, கூறு. தனித்தனியா வாங்குறதை நிறுத்திட்டு ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் மட்டும் சந்தைக்குப் போறோம். திங்கள், செவ்வாய்க்குக் கீரையும் வெண்டையும். புதன், வியாழனுக்குக் கேரட், பீட்ரூட். வெள்ளி, சனிக்குப் பூசணி, சேனை மாதிரி ஒரு வாரம் தாங்குறது. சீக்கிரம் கெடுறதை முதல்ல தின்னு முடிக்கணும், அவ்வளவுதான் ரகசியம். காய் இல்லாத நாளைக்குப் பாசிப்பயறு. காலையில ஊறவச்சு, ராத்திரி துணியில கட்டினா மறுநாள் முளை விட்டிருக்கும். பச்சையாச் சாப்பிடாம குக்கர் ஆவியில வேகவச்சுடுங்க.

ஆடித்தபசு அன்னைக்கு கோமதி அம்மன் சப்பரத்து மேல சுத்துப்பட்டு விவசாயிங்க தங்கள் நிலத்துல விளைஞ்சதைச் சூறை விடுறதைப் பார்த்திருப்பீங்க. பருத்தி, வத்தல், கம்பு, சோளம், பயறு. நமக்குத் தேவையானதுல பாதி நம்ம கரிசல்லயே விளையுது.

கேட்டுப் பார்க்கலாம்

நாலாவது தடையை உடைக்கவே முடியாதுன்னுதான் நினைச்சோம். ஒரு நாள் வாடகை குடுக்கப் போனப்போ, என் முகத்தைப் பார்த்துட்டு வீட்டுக்காரம்மாவே, "ஏன்ட்டி இப்படி வெளுத்துப்போய் இருக்க?"ன்னாங்க. 10.6னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. பிறகு, "முட்டையெல்லாம் முடியாது. பின்னாடி முருங்கை நிக்குல்லா, பறிச்சுக்கோங்க. நாங்க ரெண்டு பேரு எவ்வளவுதான் தின்ன?"ன்னாங்க. மறு வாரம் அவங்க பழைய இரும்புச் சட்டி ஒண்ணும் மாடிக்கு வந்துச்சு. இரும்புச் சட்டியில சமைச்சா கொஞ்சம் இரும்புச்சத்து சாப்பாட்டுல சேரும், அதுலயும் புளி, தக்காளி சேர்த்தா கூடுதலா. முட்டையை நாங்க வர்ற வழியில தள்ளுவண்டியில அவிச்சதா வாங்கிச் சாப்பிட்டுட்டுத்தான் மாடி ஏறுறோம்.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. பத்தாம் வகுப்பு வரைக்கும் இந்தக் கணக்கை நமக்காக வேற யாரோ போட்டாங்க. 1956ல காமராஜர் ஆரம்பிச்ச மதிய உணவு, 1982ல எம்.ஜி.ஆர். கொண்டு வந்த சத்துணவு, 2010ல இருந்து வாரத்துக்கு 5 முட்டை. அரசுப் பள்ளியில படிச்ச நம்மள்ல பல பேருக்கு அந்த முட்டையும், வாரம் ஒரு தடவை டீச்சர் முன்னாடியே முழுங்கின இரும்புச்சத்து மாத்திரையும் ஞாபகம் இருக்கும். காலேஜ்ல சேர்ந்ததும் அது நின்னுபோச்சு. உடம்போட தேவை மட்டும் நிக்கலை.

ஒரு எச்சரிக்கை

ஹீமோகுளோபின் குறைவா இருந்தா சாப்பாட்டை மட்டும் நம்பி உட்கார்ந்துடாதீங்க. அரசு மருத்துவமனையில ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். எனக்கு இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் குடுத்தாங்க. மாத்திரை குறையை நிரப்பும், சாப்பாடு மறுபடி குறையாமப் பார்த்துக்கும். ரெண்டும் வேணும்.

உங்க தடை எங்களோடது மாதிரியே இருக்காது. ஹாஸ்டல்னா குக்கர் வைக்க முடியாது, ஆனா மெஸ் கமிட்டியில போய் வாரம் ரெண்டு நாள் சுண்டல் கேட்க முடியும். வீட்டுல இருந்து வர்றவங்கன்னா டிபன் பாக்ஸ்ல உருளைக்கிழங்குக்குப் பதிலாப் பயறு வைக்கச் சொல்ல முடியும். ஒரு தாள்ல உங்க அஞ்சு தடையை எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, இதைத் தளர்த்த எவ்வளவு செலவாகும்னு ஒரு தொகையும் எழுதுங்க. பூஜ்யம்னு எழுதினதுல இருந்து ஆரம்பிங்க.

ஜனவரியில மறுபடி பரிசோதனை பண்ணினேன். 11.9. இன்னும் 0.6 வேணும். அடுத்த முகாமுக்கு வரிசையில நிப்பேன், அங்க பார்ப்போம்.